சாப்பாட்டுத் தட்டும் கழிப்பறைச் சாவியும்

சென்ற பொங்கல் அன்று நம் கிளப் ஹவுஸில் நடந்த மதிய விருந்து நன்றாகவே இருந்தது. சமையலைப் பற்றி யாருக்கும் குறையில்லை, எனக்கும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

என் மகள் பெங்களூருவிலிருந்து வந்திருந்தாள். இலையில் சாதம், மோர், கொஞ்சம் உருளைக்கிழங்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் நாலு பேர் வந்து விசாரித்தார்கள். ஒருவர் "என்னம்மா, டயட்டா?" என்றார். ஒரு மாமி வேண்டாம் என்றும் கேட்காமல் வடையை இலையில் வைத்துவிட்டார். இன்னொருவர் வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு குடிக்கச் சொன்னார். நான்காமவர் கோதுமையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எல்லோரும் நல்லெண்ணத்தில் சொன்னவர்கள்தான். பிறகு அவள் திடீரென்று எழுந்து கீழ்த்தளக் கழிப்பறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. சாவி செக்யூரிட்டி அறையில் இருந்தது. செக்யூரிட்டியோ கேட்டில் யாருடைய காரையோ பின்னால் எடுக்க உதவிக்கொண்டிருந்தார். லிப்டுக்கும் காத்திருக்க முடியாமல் மூன்று மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அதன் பிறகு கீழே இறங்கி வரவில்லை.

அவளுக்கு நான்கு வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற குடல் நோய். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "அறிவுரை எழுதாதீங்கப்பா, கதையா எழுதுங்க" என்றாள். ஆகவே கதையாக, அதாவது நடந்த வரலாறாகவே எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவன். வங்கியில் பேரேடும் வவுச்சருமாகக் காலம் தள்ளியவன். மருத்துவம் தெரியாது. ஆனால் வவுச்சர் இல்லாமல் ஒரு என்ட்ரி போட்டால் ஆடிட்டர் விடமாட்டார் என்பது தெரியும். இந்த நோய்க்காரர்களிடம் "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே" என்று நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லி வந்திருக்கிறார்களே, அதற்கெல்லாம் வவுச்சர் இருந்ததா என்று பார்க்கத் தோன்றியது. மகளுக்கு நோய் வந்ததிலிருந்து படித்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆங்கிலச் சுருக்கத்தில் இதை ஐ.பி.டி. என்கிறார்கள், தமிழில் குடல் அழற்சி நோய் எனலாம். பரீட்சைக்கு முன் வயிறு கலக்கும் ஐ.பி.எஸ். வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடல் மீதே திரும்பி அதைப் புண்ணாக்குகிறது. பெருங்குடலின் உட்புறப் படலத்தோடு நின்றால் அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, குடல் சுவரின் முழுத் தடிமனையும் பிடித்தால் அது கிரோன் நோய். இரண்டுமே பெரும்பாலும் படிக்கிற வயதிலும் வேலைக்குப் போகிற வயதிலும் தலைகாட்டும். சில மாதம் அடங்கியிருக்கும், மறுபடி கிளம்பும். கிளம்பிய காலத்தில் ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போக நேரலாம். தொற்றிக்கொள்ளாது.

இந்த நோய் மருத்துவ ஏட்டில் முதலில் ஏறியதே ஒரு கொலை வழக்கில்தான். 1859-ல் லண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற வசதியுள்ள பெண்மணி வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து மே 3-ஆம் தேதி இறந்துபோனார். உடன் இருந்தவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அதை மறைத்து சில மாதங்களுக்கு முன்புதான் இசபெல்லாவையும் மணந்திருந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மாள் சொத்தை அவர் பெயருக்கு உயில் எழுதியிருந்தார். போதாதா? விஷம் வைத்துவிட்டார் என்று கைது செய்தார்கள்.

அக்காலத்து இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஷ நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர், வீட்டிலிருந்த ஒரு புட்டியில் ஆர்சனிக் இருப்பதாகச் சொன்னார். பிறகு பார்த்தால், அந்த ஆர்சனிக் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே கலந்திருந்தது! நீதிமன்றத்தில் அவரே அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கேஷ் எண்ணுகிற மெஷினே தப்பாக எண்ணிவிட்டு, கேஷியர் மேல் பழி விழுந்த மாதிரி. அப்படியும் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், தூக்குத் தண்டனையும் விதித்தாயிற்று. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, உள்துறை அமைச்சர், சர் பெஞ்சமின் பிராடி என்ற மூத்த அறுவை மருத்துவரிடம் கருத்துக் கேட்டார். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று முடிவாகி ஸ்மெதர்ஸ்ட் தூக்கிலிருந்து தப்பினார். உடனே இருதார மணத்துக்காகப் பிடித்து ஒரு வருடம் உள்ளே போட்டார்கள். மனிதர் வெளியே வந்து அந்த உயில் சொத்தையும் வழக்காடி வாங்கிக்கொண்டார் என்பது தனிக் கதை.

நமக்கு வேண்டியது அந்தப் பிரேத பரிசோதனை. கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் அந்த அம்மாளின் குடலைப் பார்த்து, கடுமையாக அழன்று புண்ணாகியிருந்ததை அதே ஆண்டு ஒரு மருத்துவ வார இதழில் கடிதமாக எழுதினார். அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெயருக்கு மூலப் பத்திரமாக அதைத்தான் காட்டுகிறார்கள். சிறுகுடலும் பாதிக்கப்பட்டிருந்ததால் அது உண்மையில் கிரோன் நோயாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எதுவாக இருந்தால் என்ன, சாப்பிட்டதும் வயிறு போகிறது என்றால் சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு, யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இந்த நோயோடு முதல் நாளே ஒட்டிக்கொண்டது. இன்றும் "என்ன சாப்பிட்டே?" என்றுதான் முதலில் கேட்கிறோம்.

கிரோன் நோய்க்குப் பெயர் வந்த விதம் அகர வரிசையால். 1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை செய்த பெரியவர் ஏ.ஏ. பெர்க், "நான் எழுதாத கட்டுரையில் என் பெயர் வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டார். இல்லாவிட்டால் இது பெர்க் நோய் ஆகியிருக்கும். நியாயமாகப் பார்த்தால், கிளாஸ்கோவில் கென்னடி டால்சியல் 1913-லேயே இதே நோயை விவரித்திருந்தார். 1956-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இந்த நோய்க்காக அறுவை நடந்தபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் பெயர் அடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவர் மறுபடி தேர்தலில் ஜெயித்தார் என்பதை மகளிடம் அடிக்கடி சொல்வேன்.

அக்காலத்தில் மருந்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே கையில் இருந்த ஒரே ஆயுதம் பத்தியம். குடலுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று நார் நீக்கிய, சாரமற்ற, குழைந்த உணவைத்தான் கொடுத்தார்கள். பழம் கிடையாது, கீரை கிடையாது, தோலுள்ள பருப்பு கிடையாது, காரம் கூடவே கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். புண் உள்ள இடத்தை உரசாமல் வைப்பது நாம் எல்லோரும் செய்வதுதானே. ஆனால் யாரும் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்தியம், மறுகுழுவுக்குச் சாதாரணச் சாப்பாடு என்று கொடுத்துக் கணக்குப் பார்க்கவில்லை. நோயாளிகள் இளைத்தார்கள். நோயால் இளைத்தார்களா, பத்தியத்தால் இளைத்தார்களா என்பது தனித்தனியாக எழுதப்படவில்லை.

சாப்பாட்டின் மேல் போட்ட பழி போதாதென்று, 1930-ல் நியூயார்க்கில் சிசில் மர்ரி என்ற மருத்துவர் இந்த நோய்க்கு மனப்போராட்டங்களே காரணம் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த முப்பது வருடம் பெரிய பெரிய நிபுணர்கள், இவர்கள் அம்மாவை விட்டுப் பிரிய முடியாதவர்கள், முதிர்ச்சி இல்லாத சுபாவம் என்றெல்லாம் எழுதினார்கள். நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமாகப் போகிறவன் பதற்றமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான் என்று கேட்கத் தோன்றவில்லை போலும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளில் ஒரு தாலுகா ஊர்க் கிளையில் என்னோடு கேஷியராக இருந்த நண்பர் அடிக்கடி கவுண்டரை விட்டு எழுந்து போவார். கேஷ் கவுண்டரை விட்டுப் போவது லேசான காரியம் இல்லை. பணத்தை உள்ளே வைத்து, கூண்டைப் பூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். நாங்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அது என்ன என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு மருத்துவர் அமீபா என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் "எல்லாம் டென்ஷன், யோகா பண்ணுங்க" என்றார். அவர் குழைந்த மோர்சாதமே கதியாக வருடக்கணக்கில் இருந்தார். கடைசியில் தானே கேட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாறிக்கொண்டார். ஆபீஸில் கழிப்பறைக்குப் பக்கத்து அறை அதுதான். பல வருடம் கழித்து சென்னையில் கொலனோஸ்கோபி செய்துதான் நோயின் பெயரே தெரிந்தது.

மருந்துகள் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் பேராசிரியர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், எதிர்பாராமல் குடலுக்கு உதவியது. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டின் சிட்னி ட்ரூலவும் லெஸ்லி விட்ஸும் கார்ட்டிசோன் மருந்தை முறையாக ஒப்பிட்டு நிரூபித்தார்கள். சல்ஃபாசலசினில் வேலை செய்யும் பகுதி எது என்று 1977-ல் ட்ரூலவோடு சேர்ந்து கண்டுபிடித்தவர்களில் ஒருவர் வங்கதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கான். இன்று பலர் சாப்பிடும் மெசலமின் மாத்திரை அந்தப் பகுதிதான். இந்த மருந்துகளும் பின்னால் வந்த ஊசிகளும்தான் உயிர் காப்பவை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

அதே ட்ரூலவ்தான் சாப்பாட்டுக்கும் முதலில் வவுச்சர் கேட்டவர்களில் ஒருவர். 1961-ல், பாலை நிறுத்தினால் குணமாகி மறுபடி கொடுத்தால் நோய் கிளம்பிய ஐந்து பேரைப் பற்றி எழுதினார். அதோடு விடவில்லை. 1965-ல் ரால்ஃப் ரைட் என்பவரோடு சேர்ந்து குழு பிரித்துச் சோதித்தார். முடிவு, பாலை நிறுத்துவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பயன்படலாம் என்பது. அப்படியானால் மீதி நாலு பேர்? அவர்களுக்கும் சேர்த்துத்தான் பல வீடுகளில் பாலும் தயிரும் நின்றுபோயின. 2013-ல் இத்தாலியில் இந்நோயுள்ள குழந்தைகளிடம் மறுபடி சோதித்தபோது பாலை நிறுத்தியதால் லாபம் எதுவும் தெரியவில்லை.

நார்ச்சத்து விவகாரம் இன்னும் சுவாரஸ்யமானது. பிரிஸ்டலில் கென்னத் ஹீட்டன் என்ற மருத்துவர் தலைகீழாக யோசித்தார். நாரை நீக்காதே, நிறையக் கொடு, சர்க்கரையையும் மைதாவையும் குறை என்றார். 1979-ல் அவர் கொடுத்த கணக்கு அசரவைக்கும். கிரோன் நோயுள்ள 32 பேர் நான்கு வருடத்துக்கு மேல் அப்படிச் சாப்பிட்டார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து மருத்துவமனையில் கிடந்தது 111 நாள். அவர்களோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட 32 பேர் கிடந்ததோ 533 நாள். கேட்டவுடன் கோதுமைத் தவிட்டுக்கு ஓடத் தோன்றும். ஆனால் ஒப்பிட எடுத்த குழு, பழைய கேஸ்கட்டுகளிலிருந்து பொறுக்கியது, குலுக்கல் முறையில் பிரித்தது அல்ல. 1987-ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 352 பேரைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது இரு குழுவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இரண்டுக்கும் நடுவில், 1985-ல் இத்தாலியில் சூசன் லெவன்ஸ்டைன் குழுவினர் செய்த சோதனைதான் என்னை உட்காரவைத்துவிட்டது. கிரோன் நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான சாரமற்ற பத்தியம், மறுபாதிக்குச் சாதாரண இத்தாலியச் சாப்பாடு. சுமார் இரண்டரை வருடம் பார்த்தார்கள். அறிகுறியிலோ, ஆஸ்பத்திரிக்குப் போவதிலோ, அறுவையிலோ வித்தியாசம் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேர் வாய்க்கு ருசியாக எதையும் தொடாமல் இருந்தார்களே, அந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது? ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் தப்பாகும். குடல் சுருங்கிப் பாதை குறுகியவர்களுக்கு நார் நிஜமாகவே அடைத்துக்கொள்ளும். அவர்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு தாயின் கதையும் உண்டு. 1950-களில் எலைன் காட்ஷால் என்ற அமெரிக்கப் பெண்மணியின் சின்ன மகளுக்குக் கடுமையான கொலைடிஸ் வந்தது. அறுவைதான் வழி என்றார்கள். கடைசி முயற்சியாக நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற முதிய குழந்தை மருத்துவரிடம் போனார். அவர் 1924-ல் சீலியாக் நோய்க் குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பேர் வாங்கியவர். 'என்ன சாப்பிடுகிறாள்?' என்று அக்கறையாகக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான் என்று அந்தத் தாய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது, பழமும் தேனும் வீட்டில் உறையவைத்த தயிரும் சாப்பிடலாம் என்ற அவருடைய முறையில் பெண் தேறினாள். தாய் நடுவயதில் கல்லூரிக்குப் போய் உயிரியல் படித்து, அந்த உணவுமுறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அது உலகமெங்கும் போயிற்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஏழு மாதம் அரிசி இல்லாத வீடாக இருந்தோம். இட்லி கிடையாது, தோசை கிடையாது. மகள் ஆறு கிலோ இளைத்தாள். என் மனைவி சமையலறையில் தனியாக நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

2021-ல் அமெரிக்காவில் அதற்கும் கணக்குப் பார்த்தார்கள். கிரோன் நோயுள்ள சுமார் 190 பேரில் ஒரு பாதிக்கு இந்த முறை, மறுபாதிக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாடு. அதாவது காய், பழம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய், தானியம் எல்லாம் உண்டு. ஆறு வாரத்தில் அறிகுறி அடங்கியவர்கள் முதல் குழுவில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. செய்தவர்களே, இரண்டாவது முறை கடைப்பிடிக்கச் சுலபம் என்பதால் பலருக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவர். ஒரு பிள்ளைக்குக் கேட்டது எல்லாப் பிள்ளைக்கும் கேட்கும் என்று நினைத்ததுதான் பிசகு.

உணவால் ஒன்றும் ஆகாது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. நிஜமாகவே வவுச்சர் உள்ள ஒரு உணவு இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பாடு என்று சொல்லவே வாய் வராது. விண்வெளிக்குப் போகிறவர்களுக்காக, மலம் அதிகம் சேராதபடி, அமினோ அமிலமும் சர்க்கரையும் விட்டமினும் கலந்த திரவ உணவை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 1965-ல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. அந்த வகைத் திரவத்தை அறுவைக்கு முன் நோயாளிகளைத் தேற்றுவதற்காகக் கொடுத்தபோது, சிலருக்குக் கிரோன் நோயே அடங்கியது. 1984-ல் லண்டன் பக்கம் கோம் ஓமொரெய்ன் என்பவர் 21 பேரிடம் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு, திரவ உணவும் அதே அளவு வேலை செய்கிறது என்று காட்டினார். இன்று ஐரோப்பாவில் கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைப்பது இதைத்தான். ஸ்டீராய்டு போல வளர்ச்சியைத் தடுக்காது, புண்ணும் ஆறும்.

விலை என்ன தெரியுமா? ஆறிலிருந்து எட்டு வாரம் அந்தத் திரவம் மட்டும். ஒரு பிடி சோறு கிடையாது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இந்தப் பிள்ளை பாட்டிலைத் திறக்க வேண்டும். பிறந்த நாள் கேக் கூடாது. பல குழந்தைகளால் முடியாமல் போனதால்தான், இஸ்ரேலின் ஆரி லெவின் குழுவினர் பாதி திரவம், பாதி நிஜச் சாப்பாடு என்று ஒரு முறையை 2019-ல் சோதித்தார்கள். கோழி, முட்டை, வாழைப்பழம், ஆப்பிள், வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கு, அரிசிச் சாதமும் உண்டு. அதைக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தாங்கிக்கொண்டார்கள். திரவம் மட்டும் குடித்தவர்களில் நாலில் மூன்று பேர்தான் தாங்கினார்கள். நோயும் அடங்கியது. அரிசி என்ற வார்த்தையை அந்தப் பட்டியலில் பார்த்த அன்று எங்கள் வீட்டில் குக்கர் மறுபடி விசிலடித்தது. மகளுக்கு வேறு நோய் என்பது தெரியும், அவள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1999-ல் லூதியானாவில் வீடுவீடாகப் போய் 51,910 பேரைக் கணக்கெடுத்ததில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருந்தது. அதாவது லட்சத்துக்கு 44 பேர். நம் நாட்டில் கிரோன் நோய்க்கு இன்னொரு தொல்லை, அது குடல் காசநோயைப் போலவே வேஷம் போடும். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்ட பிறகு இது வேறு என்று தெரியவந்தவர்கள் உண்டு. குடல் துணுக்கைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

நம் பழைய சோற்றையும் சொல்லாமல் விட்டால் பிளாக் வாட்ஸ்அப் குழு என்னை மன்னிக்காது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆய்வு செய்வதாகச் சில வருடம் முன்பு செய்தி வந்தது. ஊறிய சோற்றில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்து உண்டு. அதை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துக் குடல் படலத்துக்கு ஆகாரமாக்குகின்றன என்பது அறிவியலில் ஊன்றிய விஷயம்தான். செய்தியைப் பார்த்து எனக்கும் பெருமை. ஆனால் "பழைய சோறு குடல் நோயைக் குணப்படுத்தும்" என்று ஃபார்வர்டு வரும்போதெல்லாம் எனக்கு ஹீட்டனின் 32 பேரும் அப்புறம் வந்த 352 பேரும் ஞாபகம் வருகிறார்கள்.

இத்தனை வருடமும் மருத்துவர்கள் எண்ணியது எத்தனை தடவை போனது, எவ்வளவு ரத்தம், எத்தனை நாள் படுக்கை என்றுதான். நோயாளியின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு காலம் (பத்தி, காலம்-எண் என்ற அர்த்தத்தில்) 1989-ல்தான் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரையப்பட்டது. கார்டன் கயாட் குழுவினர் நோயாளிகளிடமே கேட்டு 32 கேள்விகள் தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். மொத்தம் 32-லிருந்து 224 வரை. வயிற்றைப் பற்றி மட்டும் இல்லை, களைப்பு, எரிச்சல், வேலை, பக்கத்தில் கழிப்பறை இருக்குமோ என்ற பயம், ஒரு விசேஷத்துக்குப் போக முடியாமல் ரத்து செய்தது எல்லாம் அதில் உண்டு. இன்றும் புது மருந்தைச் சோதிக்கும்போது இந்தக் கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கென்றே தனிக் கேள்வித்தாள் வர 2016 ஆயிற்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 29 வாக்கியங்கள் கொண்டதாகத் தயாரித்தார்கள். சாப்பாட்டில் சந்தோஷம் போய்விட்டதா, மற்றவரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா, சாப்பிடும் முன் பயம் வருகிறதா என்ற ரீதியில். 1859-லிருந்து கணக்குப் போட்டால் 157 வருடம். இதற்கு மூன்று வருடம் முன்பு பிரான்சில் 244 நோயாளிகளிடம் விசாரித்தார்கள். நோய் திரும்பிவிடுமோ என்று தங்களுக்குப் பிடித்ததை விட்டவர்கள் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. வீட்டாரோடு அதே சமையலைச் சாப்பிடுபவர்கள் பாதிப் பேர்தான்.

போன மாதம் அந்த 29-ஐயும் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய கேஷியர் நண்பருக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மருந்தில் நோய் அடங்கியிருக்கிறது. முதலில் அந்தப் பட்டப்பெயருக்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை விடுப்பா" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மற்றவரோடு சேர்ந்து சாப்பிடுவது பற்றிய இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தியோட பந்தியில உக்காரலப்பா. ஏதோ வேலை இருக்குன்னு சொல்லிட்டு மாடியில நின்னேன். அவங்க இன்னிக்கு வரைக்கும் அதை மனசுல வெச்சிருக்காங்க" என்றார்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆலி பெய்ன் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு கடையில் கிரோன் நோயின் அவசரம் வந்தது. ஊழியர்களுக்கான கழிப்பறையைத் திறந்துவிட மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் தாயும் விடாமல் அலைந்து, 2005-ல் இல்லினாய் மாநிலத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிகள் கேட்டால் கடைகள் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று. ஆலி சட்டம் என்றே அதற்குப் பெயர். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நமக்குச் சட்டம் எதுவும் வேண்டாம். விசேஷ நாட்களில் கீழ்த்தளக் கழிப்பறை காலை முதல் திறந்தே இருக்கட்டும், மற்ற நாட்களில் சாவி கிளப் ஹவுஸ் கதவுக்கு உள்ளே ஆணியில் தொங்கட்டும் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார்கள், அதனால்தான் பூட்டுகிறோம் என்று அவர் சொல்லும் காரணமும் நியாயம்தான். சுத்தம் பார்க்கும் பொறுப்பை வேண்டுமானால் நான் ஏற்றுக்கொள்கிறேன், ரிட்டயர்டு ஆள்தானே. அடுத்த பொங்கலுக்கு மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். "டாய்லெட் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். சாப்பிடுகிற ஹாலிலிருந்து பதினைந்து அடி என்றேன். வருகிறேன் என்றார்.